அவர் அனுப்பும் பாட்டுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: எனக்கு 26 வயது. ஒருவரை இரண்டு ஆண்டுகளாகக் காதலிக்கிறேன். நல்லவர், படித்தவர், குடிப்பழக்கம் இல்லாதவர். எங்களுக்குள் சண்டை வந்தால் மட்டும் அவர் பேசமாட்டார். ஒரு காதல் பாட்டை அனுப்பிவைப்பார். தொடக்கத்தில் அது எனக்குப் பிடித்தே இருந்தது. போன மாதம் வேலை நெருக்கடியில் மூன்று மணி நேரம் அவருடைய அழைப்பை எடுக்க முடியவில்லை. நீ இல்லாவிட்டால் உயிரோடு இருக்கமாட்டேன் என்ற பொருளில் வரும் ஒரு பாட்டை அனுப்பினார். சற்று நேரத்தில் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். பயமாக இருந்தது என்று மறுநாள் சொன்னபோது, "அது வெறும் பாட்டு, அதைப் போய் இப்படியா அலசுவார்கள்?" என்று சிரித்துவிட்டார். அதன்பின் அவர் இதுவரை அனுப்பிய பாட்டுகளையெல்லாம் மறுபடி கேட்டேன். பெரும்பாலானவற்றில் ஒருவன் ஒருத்தியைப் பின்தொடர்கிறான், அல்லது மிரட்டுகிறான், அல்லது அழுது அழுதே சம்மதிக்கவைக்கிறான். நான் தேவையில்லாமல் பெரிதுபடுத்துகிறேனா? என் தம்பிக்கு 17 வயது. அவனும் இதே பாட்டுகளைத்தான் நாள் முழுதும் கேட்கிறான். அவனைத் தடுக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் உங்களைப் பயமுறுத்தியது பாட்டுதான் என்று எடுத்துக்கொண்டால், அவரோடு பேசும்போது பேச்சு தவறான இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இதே வகைப் பாட்டுகளை இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறீர்கள். அப்போதெல்லாம் வராத பயம், பாட்டுக்குப் பின்னாலேயே அவரும் வாசலில் வந்து நின்றபோதுதான் வந்தது. உங்கள் மனம் சரியான இடத்தில்தான் திடுக்கிட்டிருக்கிறது.

"வெறும் பாட்டு" என்ற அவருடைய பதிலையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சண்டைக்குப் பிறகு அவர் சொல்ல வேண்டிய சொல் வரவேண்டிய இடத்தில் அந்தப் பாட்டு வருகிறது. அனுப்பும்போது அது அவருடைய வாய்மொழி; இதற்கு என்ன பொருள் என்று நீங்கள் கேட்டால் மட்டும் அது யாரோ ஒரு பாடலாசிரியர் எழுதிய வரியாகிவிடுகிறது. இதை அவர் திட்டமிட்டுச் செய்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாத பலருக்குப் பாட்டு இரவல் வாயாக இருக்கிறது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் இரவல் வாங்கிய சொல்லுக்கும் அதைச் சொன்னவர்தான் பொறுப்பேற்க வேண்டும்.

காதல் பாட்டின் வரிகளில் என்ன இருக்கிறது என்பது கேட்பவர் காதுக்கு எட்டாமலே போவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1983-இல் 'தி போலீஸ்' என்ற பிரித்தானிய இசைக்குழு வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்ற பாட்டு அமெரிக்காவில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது; ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதையும் பெற்றது. தன்னை விட்டுப் போனவளின் ஒவ்வொரு மூச்சையும் ஒவ்வோர் அசைவையும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று ஒருவன் பாடுவதுதான் அதன் உள்ளடக்கம். அதை எழுதிய ஸ்டிங், அது பொறாமையையும் கண்காணிப்பையும் உடைமை உணர்வையும் பற்றிய பாட்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். எழுதிய வேளையில் அதன் கொடூரம் தனக்கே உறைக்கவில்லை என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருந்தும், தங்கள் திருமணத்தில் அந்தப் பாட்டைத்தான் ஒலிக்கவிட்டோம் என்று அவரிடமே வந்து மகிழ்ச்சியோடு சொன்னவர்கள் உண்டு. எழுதியவரே எச்சரித்தும் கேட்பவர்களுக்கு அது எட்டவில்லை என்றால், மெட்டுக்கு இருக்கும் வலிமையை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பாட்டைக் கேட்கும்போது நாம் முதலில் பற்றிக்கொள்வது பெரும்பாலும் மெட்டையும் குரலையும்தான். வரிகள் பின்னால் மெல்ல வந்து சேர்கின்றன. குரல் குழைந்தால் சொல்லும் குழைந்ததாகவே தோன்றிவிடுகிறது. இதோடு, பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, பாட்டையும் நாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அடிக்கடி எதிர்ப்படும் ஒன்றின்மேல், அதைப் பற்றி வேறெதுவும் தெரியாதபோதும், விருப்பம் கூடுகிறது என்பதை ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டினார். 1977-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மறுபடி மறுபடி கேட்ட கூற்றை, அது பொய்யாகவே இருந்தாலும், மனிதர்கள் மேலும் மேலும் உண்மையென்று நம்பத் தொடங்குகிறார்கள் என்று காட்டியது. அந்த ஆய்வுகள் காதல் பாட்டை வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் உண்மைக் காதல் மறுப்பைப் பொருட்படுத்தாது என்ற ஒரு வரியை இனிய மெட்டில் நூற்றுக்கணக்கான முறை கேட்ட ஒருவர், அதைத் தன் சொந்த அனுபவத்திலிருந்து கற்றதாகவே எண்ணிக்கொண்டால் அதில் வியப்பில்லை.

இதனால் பாட்டுதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகளைக் கேட்ட ஆண்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை பீட்டர் ஃபிஷர், டோபியாஸ் கிரைட்டமையர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். மற்றொருவருக்குச் சாப்பிடக் கொடுக்கும் காரமான மிளகாய்ச் சாற்றின் அளவை அந்த ஆண்களே தீர்மானிக்கலாம் என்பது சோதனையின் ஏற்பாடு. அவர்கள் ஓர் ஆணுக்குக் கொடுத்ததைவிடப் பெண்ணுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கவலைப்பட வேண்டிய முடிவுதான். ஆனால் அது பாட்டைக் கேட்ட கையோடு ஆய்வகத்தில் அளந்த விளைவு. ஒருவர் வாழ்நாள் முழுதும் எப்படிக் காதலிப்பார் என்பதை அது சொல்லாது. பாட்டு தானாக எதையும் கண்டுபிடிப்பதும் இல்லை. 1962-இல் அமெரிக்காவில் 'தி கிரிஸ்டல்ஸ்' என்ற பெண்கள் குழு பாடிய ஒரு பாட்டில், அவன் என்னை அடித்தான், அது முத்தமிட்டதுபோல் இருந்தது என்று ஒரு பெண் சொல்கிறாள். அதை எழுதிய ஜெரி காஃபின், கரோல் கிங் தம்பதிக்கு அறிமுகமான ஓர் இளம் பாடகி, காதலன் தன்னை அடிப்பதை அன்பின் அடையாளமாகவே அவர்களிடம் சொன்னதிலிருந்து பிறந்த பாட்டு அது. எதிர்ப்புக் கிளம்பியதும் பாட்டு திரும்பப் பெறப்பட்டது. அதை எழுதியிருக்க வேண்டாம் என்று கரோல் கிங் பின்னாளில் வருந்தியிருக்கிறார். வீட்டுக்குள் ஒருவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன சொல் பாட்டாகி, அதைக் கேட்கும் இன்னொருவருக்குத் தேறுதலாகத் திரும்பி வரும் சுற்று அது. எந்த இடத்தில் தொடங்கியது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தச் சொல் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் உங்களால் தீர்மானிக்க முடியும்.

இனி, அவர் அனுப்பிய பாட்டுகளைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. காதல் பாட்டில் பேசுவது பெரும்பாலும் ஒரே குரல். அது ஏங்குகிறது, கெஞ்சுகிறது, குற்றம் சாட்டுகிறது, சத்தியம் செய்கிறது; யாரைப் பார்த்து இவ்வளவும் சொல்லப்படுகிறதோ அவருக்கு அந்த நான்கு நிமிடத்தில் வாயே இல்லை. ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் பாட்டுகளிலும் பல நேரம் ஒருவர் கேட்பதற்கு மற்றவர் இசைவது என்ற ஒரே வழிதான் எழுதப்பட்டிருக்கிறது. அவர் உங்களுக்கு ஒரு பாட்டை அனுப்பும்போது, பதில் சொல்ல இடமே இல்லாத ஒரு பேச்சை அனுப்புகிறார். நீங்கள் அழைப்பை எடுக்க முடியாததற்குக் காரணம் வேலை நெருக்கடி. அந்தக் காரணத்தைச் சொல்ல அந்தப் பாட்டில் உங்களுக்கு ஒரு வரி இருந்ததா? உங்களுக்கு உண்டான மூச்சுமுட்டலுக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பாட்டில் சொல்வதும் வாழ்க்கையில் செய்வதும் வேறு என்பதை நம் பழைய இலக்கணமும் அறிந்திருந்தது. சங்கப் பாடல்களில் தலைவன் மடலேறுவேன் என்று சொல்லும் இடங்கள் உண்டு. பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, அவள் ஊர்த்தெருவில் எல்லாரும் காண வந்து, அந்த வெட்கத்தையே நெருக்கடியாக்கி அவளைப் பெற்றுவிடுவேன் என்பது அதன் பொருள். ஆனால் உண்மையிலேயே ஏறிவிட்ட மடலைத் தொல்காப்பியம் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தின் பக்கத்தில் வைத்தது. ஏறுவேன் என்று சொல்லும் அளவில் நிற்பதை உரையாசிரியர்கள் அவ்வாறு ஒதுக்கவில்லை. உங்கள் காதலர் அனுப்பிய பாட்டு மடலேறுவேன் என்ற சொல்; அலுவலக வாசலில் வந்து நின்றது ஏறிய மடல். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

நீங்கள் கண்டெடுத்திருக்கும் செய்திகளில் சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். மறுப்பைத் தாமதமான சம்மதமாகக் காட்டும் பாட்டுகளின் தீங்கை விளக்கவே வேண்டியதில்லை. என் அன்பால் அவனைத் திருத்திவிடுவேன், எவ்வளவு வலித்தாலும் விட்டுப்போகமாட்டேன் என்று பெண்குரல் பாடும் பாட்டுகள் அதைவிடச் சந்தடியில்லாமல் வேலை செய்கின்றன. பொறுத்துக்கொள்வதே காதல் என்று நம்பவைத்துவிடுகின்றன. சொல்லாமலே புரிந்துகொள்பவரே உண்மைக் காதலர் என்று சொல்லும் பாட்டுகள் பார்வைக்கு மிகவும் சாதுவானவை. என் ஆலோசனை அறையில் அதிகம் கண்ணீர் சிந்தவைத்த எண்ணம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

பொறாமை சற்று நின்று கவனிக்க வேண்டியது. ஓரளவு பொறாமை எல்லாருக்கும் வரும். அது வந்தது என்று ஒருவர் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. பாட்டுகள் அதைக் காதலின் அளவுகோலாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கணக்கின்படி, உங்கள் லொகேஷனைக் கேட்காதவருக்கு உங்கள்மேல் அக்கறை இல்லை. உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பவருக்கு அக்கறை மிகுதி. ஒருவருடைய அன்றாடத்தை மெல்லமெல்லத் தன் கைக்குள் கொண்டுவரும் இத்தகைய நடத்தையை, அடி உதை எதுவும் இல்லாதபோதும், வன்முறையின் ஒரு வடிவமாகவே பார்க்க வேண்டும் என்று இவான் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார்; 2015-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது தண்டனைக்குரிய குற்றமாகவே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் காதலர் அந்த நிலையில் இருக்கிறார் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை வாசலில் நின்றது ஒரு நிகழ்ச்சி. அதுவே வழக்கமாகிறதா, உங்கள் தோழிகளைச் சந்திப்பது குறைகிறதா, அவர் என்ன நினைப்பாரோ என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு நீங்கள் உங்கள் நாளை அமைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டீர்களா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும். கடைசியாகச் சொன்னதை மட்டும் உங்களையே கேட்டுக்கொண்டாலும் போதும்.

உயிரோடு இருக்கமாட்டேன் என்ற வரிக்கு வருகிறேன். பாட்டில் இது உச்சமான காதலின் வெளிப்பாடு. பாட்டு அதே உச்சத்தில் முடிந்தும்விடுகிறது, மறுநாள் காலை என்ன ஆயிற்று என்று அது சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் இதைச் சொல்லும்போது, தன் உயிரைக் காக்கும் பொறுப்பை அவர் தலையில் இறக்கிவைக்கிறார். அதன்பின் நீங்கள் அழைப்பை எடுப்பது அன்பினாலா பயத்தினாலா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும், அவருக்கும் தெரியாது. அன்பைத் தேடி அவர் செய்த காரியமே, கிடைப்பது அன்புதானா என்று அறிய முடியாதபடி செய்துவிடுகிறது. இதை அவரிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், உண்மையான வருத்தத்தோடு சொல்ல முடியுமானால் அவருக்குப் புரியக்கூடும்.

ஆனால் ஒன்று. பாட்டாக அல்லாமல், நேரடியாகவோ எழுத்திலோ, தன் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று அவர் எப்போதாவது சொன்னால், அது மிரட்டலா உண்மையா என்று எடைபோடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மை என்றே கொண்டு, அவருடைய குடும்பத்தாருக்கோ நெருங்கிய நண்பருக்கோ உடனே தெரிவியுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர உதவியையோ அழையுங்கள். அவருக்கு வேண்டியது மருத்துவ உதவி. அதற்காக உறவைத் தொடர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். இத்தகைய நிலையில் இருவரையும் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. அவர் கடைசியாக அனுப்பிய பாட்டின் வரிகளை மெட்டில்லாமல், உரைநடையாக, ஒரு தாளில் எழுதுங்கள். பாடுபவரின் பெயர், நடிகரின் முகம், கித்தார் எல்லாம் போய்விடட்டும். இரவு 11 மணிக்கு, பழக்கமில்லாத எண்ணிலிருந்து, இதே வரிகள் குறுஞ்செய்தியாக வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று படித்துப் பாருங்கள். சில வரிகள் அப்போதும் அன்பாகவே இருக்கும். சிலவற்றைப் படித்தால் கதவைத் தாழிட்டோமா என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். பிறகு, அந்தத் தாளிலேயே, பாட்டில் உங்களுக்குக் கொடுக்கப்படாத பதிலை எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்து இதைச் செய்துபார்த்த ஒரு பெண், "நான் மூன்று மணி நேரம் ஒரு கூட்டத்தில் இருந்தேன், பசித்தது, உன்னை நினைக்கவே நேரமில்லை, அதனால் உன்னைப் பிடிக்காது என்று அர்த்தமில்லை" என்று எழுதிவிட்டுத் தானே சிரித்துவிட்டார். அதில் அந்தப் பாட்டின் கனம் முழுதும் இறங்கிப்போனது.

அந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டும் என்பதில்லை. அது உங்கள் தெளிவுக்கு. அவரிடம் பேசும்போது பாட்டை விட்டுவிடுங்கள். பாட்டைத் தொட்டால் அது நல்ல பாட்டா கெட்ட பாட்டா, எழுதியவர் மேதையா இல்லையா என்ற வாதத்தில் போய் முடியும். அந்த வாதத்தில் நீங்கள் வென்றாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. சண்டையில்லாத ஒரு பகல் பொழுதில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும் இடத்தில், இப்படிச் சொல்லலாம்: "வேலை நேரத்தில் என்னால் அழைப்பை எடுக்க முடியாது, முடிந்ததும் நானே கூப்பிடுவேன். அதுவரை அலுவலகத்துக்கு வரவேண்டாம். சண்டை வந்தால் எனக்குப் பாட்டு அனுப்ப வேண்டாம், ஒரே ஒரு வரியாக இருந்தாலும் உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள்." இதற்குமேல் விளக்கம் கொடுக்காதீர்கள், விளக்கம் நீளநீள, கோரிக்கை பேரமாகிவிடும்.

அவருடைய முதல் எதிர்வினையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். முகம் சுருங்கலாம், ஒரு நாள் பேசாமல் இருக்கலாம். யாருக்கும் அது நேரும். நெருக்கமானவர் சற்று விலகினாலே கைவிட்டுவிட்டார் என்று பதறும் இயல்பு சிலருக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்கும். தாயோடு குழந்தை கொள்ளும் பற்றுதலின் வகைகள் வளர்ந்தவர்களின் காதலிலும் வெளிப்படுகின்றன என்று சிண்டி ஹாசன், ஃபிலிப் ஷேவர் இருவரும் 1987-இல் எழுதினார்கள். அதன்பின் இந்தத் துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட கருத்துகளில் அதுவும் ஒன்று. உங்கள் காதலரின் பதற்றம் அத்தகையதாக இருந்தால், அது மாறக்கூடியது. ஆலோசகர் ஒருவரைப் பார்க்க அவர் சம்மதித்தால் மாற்றம் விரைவாகவும் வரும். எனவே அடுத்த சில வாரங்களில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் தட்டுத்தடுமாறி, "எனக்குக் கோபமாக இருந்தது, நீ பேசாதது பயமாக இருந்தது" என்று எழுதினால், எந்தப் பாடலாசிரியரும் எழுதித் தராத வரி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, அதே பாட்டை எல்லாரும் பார்க்கும்படி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கத் தொடங்கினால், அவர் உங்கள் கோரிக்கையைக் கேட்டார், ஏற்கவில்லை. "உனக்கு என்மேல் காதலே இல்லை" என்று ஒவ்வொரு மறுப்புக்கும் திருப்பி அடித்தால், அல்லது வாசலில் மறுபடி வந்து நின்றால், இனி தனியாக அவரோடு வாதாட வேண்டாம். நீங்கள் நம்பும் ஒரு மூத்தவரிடமும் அலுவலகத்தில் ஒருவரிடமும் நடந்ததைச் சொல்லி வையுங்கள், செய்திகளை அழிக்காமல் தேதியோடு வைத்திருங்கள். விலகுவதென்று முடிவெடுத்தால், அந்த முடிவை அவரிடம் சொல்லும்போது தனியாக இருக்காதீர்கள்; கட்டுப்படுத்தும் உறவுகளில் பிரியும் நேரமே கூடுதல் கவனம் வேண்டிய நேரம்.

ஒரு சிறு பரிசோதனையும் உண்டு. முக்கியமில்லாத ஏதாவது ஒன்றில், இன்று சினிமாவுக்கு வேண்டாம் என்பது போன்ற ஒன்றில், காரணம் சொல்லாமல் மறுத்துப் பாருங்கள். சிறிய மறுப்பைத் தாங்கிக்கொள்கிறவர் பெரிய மறுப்பையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்.

உங்களுக்கு அந்தப் பாட்டுகளில் சில இன்னமும் பிடித்திருக்கலாம். அதற்காகக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். ஏக்கமும் பொறாமையும் பித்தும் மனிதருக்கு உள்ளவைதான். அவற்றைப் பாடித் தீர்த்துக்கொள்ளத்தானே பாட்டு. எல்லாரும் நிதானமாக, ஒருவர் எல்லையை ஒருவர் மதித்துப் பாடும் பாட்டை நானே இரண்டாம் முறை கேட்பேனா என்பது ஐயம்.

தம்பியைத் தடுக்க வேண்டாம், தடுக்கவும் முடியாது; ஹெட்போனைப் பிடுங்கினால் பாட்டின்மேல் ஆசையும் உங்கள்மேல் கோபமும் கூடும், அவ்வளவுதான். அறிவுரையும் எடுபடாது. அவன் பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அருகில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள், மெட்டு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லுங்கள். பிறகு, பேச்சுவாக்கில், "இதை உன் நண்பன் ஒருவன் என்னிடம் வந்து சொன்னால் நீ என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டு வையுங்கள். அவன் உங்களைக் கேலி செய்துவிட்டு ஒலியைக் கூட்டினால் கூட்டட்டும். சில நாள் கழித்து வேறொரு பாட்டுக்கு, "இந்தப் பெண் என்ன பதில் சொல்லியிருப்பாள்?" என்று கேளுங்கள். பதினேழு வயதில் பையன்கள் இத்தகைய கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்வது அரிது. ஆனால் தானாக ஒரு நாள் வந்து, வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல், தன் வகுப்பில் தனக்குப் பிடித்த ஒரு பெண் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதை அவன் சொல்ல நேர்ந்தால், அப்போது சிரிக்காமல் கேட்டுக்கொள்ளும் ஆளாக நீங்கள் இருங்கள்.